தண்ணீர்த் தொட்டிக்கு எந்தத் தகடு

"எத்தனை வருஷம் தாங்கணும்க்கா?" என்று நத்தர்ஷா பாய் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. கம்பி ஏற்றிய லாரி ஒன்று பின்பக்கமாகக் கடைக்குள் வந்துகொண்டிருந்தது. டிரைவருக்குக் கையைக் காட்டிக்கொண்டே இறங்கினார். "உக்காருங்க, யோசிச்சு வைங்க, இந்த லோடை எறக்கிட்டு வந்துடறேன்." பிளாஸ்டிக் நாற்காலி வெயில் பட்டுச் சுட்டது. முந்தானையை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். எத்தனை வருஷம். சாதாரணக் கேள்வி. கூரை போட வருகிறவர்களிடம் கேட்பார், கேட் அடிக்க வருகிறவர்களிடம் கேட்பார், அதற்குத் தகுந்த மாதிரி தகட்டை எடுத்துக் காட்டுவார். இருபது வருஷமாகப் பால்பண்ணை ஸ்டாப் பக்கத்து இந்த இரும்புக் கடையில்தான் எங்கள் பட்டறைக்கு இரும்பு வாங்குகிறோம், எத்தனையோ தடவை இதைக் கேட்டிருப்பார், நானும் பத்து என்றோ பதினைந்து என்றோ வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். இன்றைக்குப் பத்து என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்து என்றும் வரவில்லை. மூன்று என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். தண்ணீர் சூடாக இருந்தது. காலையில் ஆறு மணிக்குப் பிடித்தது. அப்போது அவர் குளியலறையில் இருமிக்கொண்டிருந்தார். குழாயைத் திறந்துவிட்டு இருமினால் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், நல்லேந்திரன். துவாக்குடியில் எங்கள் பட்டறை. பெரிய கம்பெனிகளுக்கு இரும்புத் தகடு வெட்டிக் கொடுக்கிறோம். பிளாஸ்மா என்று ஒரு மெஷின், மின்சாரமும் காற்றும் சேர்ந்து நீல நெருப்பாய் இறங்கி, விரல் தடிமன் இரும்பைத் துணி கிழிப்பதுபோல் கிழித்துவிடும். கிழிக்கிறபோது கீழே பொறி கொட்டும், புகை கிளம்பும். கண்ணுக்குத் தெரிகிற புகை கொஞ்சம், தெரியாத பொடி நிறைய. தகட்டைப் போட்டு வெட்டும் மேடைக்கு அடியில் ஒரு தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டால், தகடு தண்ணீர் மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும், பொறியும் புகையும் பெரும்பாலும் தண்ணீருக்குள் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டி மாதிரி ஒரு தொட்டி, ஐந்தடி அகலம், பத்தடி நீளம், அரையடி ஆழம். அதை எதில் செய்வது என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். இதற்கென்று எட்டு வருஷம் கழித்து வந்திருக்கிறேன். எட்டு வருஷம் என்று நினைத்ததும் மனம் அங்கேயே போய் நிற்கிறது, வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, தகட்டைப் பார், வந்த வேலையைப் பார்.

லாரி வருவதற்கு முன்பே பாய் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டார். முதலில் சாதா இரும்பு. மைல்டு ஸ்டீல். எதிரே அடுக்கி வைத்திருக்கிறார்கள், மேல் தகட்டில் மழைத்துளி விழுந்த இடமெல்லாம் செம்புள்ளி. நாங்கள் புழங்குகிற இரும்பு, எங்கள் கைக்குப் பழகிய இரும்பு, நாங்களே ஒட்டிக்கொள்ளலாம், மூலையில் மண்ணெண்ணெய் தடவி ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும். பெயின்ட் அடித்தாலும் மேலே இருந்து விழுகிற கொதிக்கும் இரும்புத்துளி பெயின்டைப் பொசுக்கிவிடும், பொசுங்கின இடத்தில் துரு உட்காரும், உள்ளுக்குள்ளேயே தின்னும், வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீரில் துருவுக்கு மருந்து கலந்தால் மூன்று வருஷம், மிஞ்சினால் நான்கு என்றார் பாய். அவர் மூன்று, நான்கு என்று சொன்னதும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னார், இதே வரிசையில், இதே மாதிரி இழுத்து. மூணு... நாலு... உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஒரே எண்ணை இரண்டு பேர் சொன்னால் அதில் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை. தகட்டைப் பற்றி இவர் சொன்னார், அவர் வேறு எதையோ பற்றிச் சொன்னார். ஆனால் தலைக்குள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று போய் உட்கார்ந்துவிட்டன, பிரிக்க முடியவில்லை.

லாரியிலிருந்து கம்பிக்கட்டை இறக்குகிறார்கள். தரையில் விழுகிறபோது எழுகிற சத்தம் பல்லுக்குள் போகிறது. கால் வீங்கியிருக்கிறது, செருப்பு வாரை ஒரு துளை தளர்த்தினேன். தூங்கிப் பதினாறு நாள் ஆகிறது என்று சொன்னால் பொய், தூங்குகிறேன், ஆனால் படுத்ததும் அவர் மூச்சை எண்ண ஆரம்பித்துவிடுகிறேன், எண்ணிக்கொண்டே தூங்கிப்போய், எண்ணிக்கொண்டே எழுந்திருக்கிறேன். அதில் என்ன தூக்கம். பதினாறு நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவர் மூச்சை அளக்க ஊதிப் பார்க்கும் குழாயில் ஊதிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார் அந்த டாக்டரம்மா. சின்ன வயசு, எங்கள் மகளைவிட நான்கைந்து வயசு மூத்தவராக இருப்பார். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, நுரையீரலில் வெள்ளை வெள்ளையாய் இழை ஓடுகிற இடத்தைப் பேனாவால் காட்டினார். "இதெல்லாம் தழும்பும்மா. உள்ள போன பொடியால வந்தது. இது திரும்ப நல்லா ஆகாது. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். இனிமே ஒரு நாள்கூட அந்தப் புகையில நிக்கக் கூடாது." எத்தனை வருஷமா இந்த வேலை என்று கேட்டார், முப்பது என்றேன். முதலில் கேஸ் கட்டிங், பிறகு சொந்தப் பட்டறை, பிறகு இந்த மெஷின். எல்லாவற்றிலும் அவரே நின்றார். பிறகு நான் கேட்டேன், எத்தனை வருஷம் என்று. அப்போதுதான் அந்த மூணு, நாலு. வெளியே வந்ததும் என்ன சொன்னாங்க என்றார். சளி கட்டியிருக்காம், மாத்திரை குடுத்திருக்காங்க, தூசி ஆகாதாம் என்றேன். சரி என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன், பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். பதினாறு நாளாக அந்தச் சளியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகளிடம்கூடச் சளி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சரி, அடுத்தது ஜி.ஐ. துத்தநாகம் பூசிய தகடு. பளபளவென்று இருக்கிறது, துரு பிடிக்காது, விலையும் கம்மி, ஓரத்தில் மிச்சத் தகடு கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்க என்றார் பாய். வேண்டாம். அது மட்டும் வேண்டாம் என்று எனக்கே தெரியும். போன வருஷம் ஒரு கம்பெனிக்காக ஜி.ஐ. தகடு வெட்டினோம். சின்னப்பன்தான் வெட்டினான். அவன்தான் இப்போது மெஷினில் நிற்கிறவன், முப்பத்து நான்கு வயசு, இரண்டு பெண் குழந்தைகள், லால்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறான். மத்தியானம் வரை வெட்டினான், சாயங்காலம் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்துவிட்டான், நாக்கில் காசு சப்பினதுபோல இருக்குக்கா என்றான். அந்தப் பூச்சு எரிந்தால் வருகிற காய்ச்சல் அது, இரும்புக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், ஒரு நாளில் போய்விடும் என்பார்கள். பால் காய்ச்சிக் கொடுத்தேன். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டான். வந்துவிட்டானே என்று எனக்கு நிம்மதி, அன்றைக்கு டெலிவரி. இப்போது தொட்டியை அதிலேயே செய்தால், நெருப்பு இடறி அடித்தகட்டில் பட்டால் மறுபடி அதே புகை. அலுமினியம் என்றும் ஒரு பேச்சு வந்தது, லேசாக இருக்கும், தூக்கலாம். ஆனால் தண்ணீருக்குள் இரும்புத் தூளும் அலுமினியமும் ஒன்றாக நனைந்து கிடந்தால் அலுமினியம் பொத்துக்கொண்டு போகும் என்று பாயே சொல்லிவிட்டார். ஃபைபரில் செய்யலாமா என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். விழுகிறது கொதிக்கிற இரும்பு, ஃபைபர் தோசைபோல வேகும்.

மிச்சம் இருப்பது ஸ்டெயின்லெஸ். கடைக்குள்ளே, நிழலில், காகிதம் ஒட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூணு எம்.எம். போதும், இருபது வருஷத்துக்குக் கவலை இல்லை என்றார் பாய். இருபது வருஷம். இருபது வருஷம் கழித்து அந்தத் தொட்டி அப்படியே தண்ணீரோடு நிற்கும், நான் நின்றால் எழுபத்தொன்று, அவர்... இதோ மறுபடி இடறுகிறது. யாருக்கு இருபது வருஷம்? மூன்று வருஷத்துக்கு ஒரு தொட்டி வாங்கினால், நானே அவருக்குக் கெடு வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இருபது வருஷத்துக்கு வாங்கினால் அவர் அதைப் பார்த்து, இவ்வளவு நல்லா எதுக்கு வாங்கின என்று கேட்பார், நான் என்ன சொல்வேன். அவருக்காக வாங்குகிறேனா? அவர் இனிமேல் புகையில் நிற்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள். ஆபீஸ் அறையில் உட்காருங்க, பில்லு எழுதுங்க என்று சொல்லிவிட்டேன், கேட்கிறார், அரை மணி நேரம் உட்காருகிறார், மெஷின் சத்தம் மாறினால் எழுந்து போய்விடுகிறார். சத்தத்தை வைத்தே நெருப்பு வருகிற முனை தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடிக்கிறவர். தொட்டி வந்துவிட்டால் அவர் பக்கத்தில் வந்து நின்றாலும் பரவாயில்லை என்றுதான் கிளம்பி வந்தேன். அதுதான் என் கணக்கா? முப்பது வருஷம் விழுங்கின பிறகு தண்ணீர் வைத்து என்ன.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என்று மறுபடி வந்துவிட்டது, இனி தள்ள முடியாது. மெஷின் விற்கிற கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து விலைத் தாளை மேசையில் வைத்தார். மெஷின், மேடை, கம்ப்ரசர், கடைசி வரியில் தண்ணீர்த் தொட்டி, அது தனி, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். அந்த மாதம் மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டியிருந்தது. அவர் தாளை என் பக்கம் தள்ளி, நீயே பாரு என்றார். நான்தான் பேனாவை எடுத்தேன். கடைசி வரியை ஒரு கோடு போட்டு அடித்தேன். "தொட்டிய அப்பறம் நம்மளே செஞ்சுக்கலாம், நம்மகிட்ட இல்லாத இரும்பா" என்றேன். அவரும் சிரித்தார், கம்பெனிக்காரரும் சிரித்தார். அப்புறம் என்பது எட்டு வருஷம். ஒவ்வொரு தீபாவளிக்கும் செஞ்சுடலாம் என்பேன். அவர் சட்டையை ஊறவைத்தால் தண்ணீர் மை மாதிரி ஆகும், நான் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுத்த தண்ணீர் பிடிப்பேன். எட்டு வருஷமாகக் கறுப்புத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூடத் துணியில் இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவு என்று தோன்றவில்லை. தோன்றாமல் என்ன, தோன்றியிருக்கும். தோன்றினதும் அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். டாக்டரம்மா சொன்னார், இது முப்பது வருஷத்துச் சேர்மானம், கடைசி எட்டு வருஷம் மட்டும் காரணம் இல்லை என்று. நான் கேட்காமலேயே சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

பாய் ஒரு டீ கொடுத்தனுப்பினார். காகித டம்ளர், விளிம்புவரை சூடு. முந்தானையால் பிடித்துக் குடித்தேன். லாரியில் பாதி இறங்கிவிட்டது. அங்கே இறக்குகிறவர்களில் ஒருத்தர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், அதைப் பார்த்ததும் சின்னப்பன் துண்டு ஞாபகம் வந்தது. பச்சைக் கட்டம் போட்ட துண்டு. மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு நிற்பான். மாஸ்க் வாங்கி வைத்திருக்கிறோம், வியர்க்குதுக்கா என்று கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான், நானும் விட்டுவிடுவேன். போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அந்தத் துண்டு கொடியில் காய்ந்தது. மூக்கு இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்பு வட்டம். அப்போது நான் நினைத்தது என்ன? துவைத்தாலும் போகாது போலிருக்கே என்று நினைத்தேன். அதுதான் நினைத்தேன். பதினாறு நாளாக நுரையீரல், நுரையீரல் என்று உள்ளுக்குள் அரைத்துக்கொண்டிருக்கிறவள், அந்தத் துண்டைப் பார்த்துக் கறையைப் பற்றி நினைத்திருக்கிறேன். ஆறு வருஷமாக இவரோடு அவனும் அந்த மேடையில் நிற்கிறான். எட்டு மணி நேரம், வேலை அதிகம் என்றால் பத்து. இவருக்கு மாத்திரை வாங்கினேன், ஆவி பிடிக்க மெஷின் வாங்கினேன், ஆபீஸ் அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டேன், புகை வராமல் இருக்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னப்பன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவன் முதுகு தெரியும். பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தேன்.

போன் அடித்தது. அவர்தான். பட்டறைச் சத்தம் பின்னால் கேட்டது.

"என்ன கமலம், முடிவு பண்ணியாச்சா?"

"இல்லைங்க. பாய் லோடு எறக்கறாரு. சாதா இரும்புன்னா மூணு நாலு வருஷம்தானாம். ஸ்டெயின்லெஸ்னா இருபது வருஷம் வருமாம். எது எடுக்கறதுன்னு தெரியல."

இருமலை அடக்குகிறார் என்று தெரிந்தது. பிறகு சத்தம் குறைந்தது, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்திருப்பார்.

"எனக்குன்னா சாதா இரும்பே போதும்" என்றார்.

"என்ன பேச்சு இது?"

"அந்த டாக்டரம்மா உன்கிட்ட என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்."

"சளின்னுதான்..."

"கமலம். வெளிய வந்ததும் நீ என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்ட. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் போட்டிருக்கியா? அப்பவே தெரிஞ்சுபோச்சு. மறுநாள் பீரோவுல இருந்து அந்த ரிப்போர்ட்ட எடுத்துட்டுப் போயி அந்தம்மாகிட்டயே கேட்டேன். சொன்னாங்க."

எதிரே கம்பிக்கட்டு விழுந்தது. அந்தச் சத்தம் அடங்கியதும் கேட்டேன்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"அந்தத் தொட்டிய நான்தாங்க அடிச்சேன். பேனாவால நான்தான் அடிச்சேன்."

"நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். எனக்குக் கை இல்லையா? எட்டு வருஷமா வெட்டுனவன் நானு, ஒரு நாள் லீவு போட்டு அஞ்சு தகட்டை ஒட்டியிருந்தா தொட்டி. செய்யல. விடு." மூச்சு வாங்கினார். "எனக்காகவா யோசிச்சிட்டு உக்காந்திருக்க? நான் இனிமே அங்க நிக்கப் போறதில்ல, இன்னிக்குக் காலைலதான் சின்னப்பன்கிட்ட சொன்னேன், முனை தேஞ்சா நீயே பாத்துக்கடான்னு. மேடைல நிக்கறவன் அவன். அவனுக்கு எது தேவையோ அத வாங்கிட்டு வா. வரப்ப வெயில்ல பஸ்ஸுக்கு நிக்காத, ஆட்டோ புடிச்சு வா."

வைத்துவிட்டார். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. உடம்பு முழுக்க அசதிதான் இருந்தது, பதினாறு நாளாகத் தூக்கின பாத்திரத்தை யாரோ வாங்கி இறக்கி வைத்த பிறகு தோள் வலிக்கிற மாதிரி. அவரும் பதினைந்து நாளாகத் தெரிந்துகொண்டே மாத்திரையை விழுங்கி, சளி குறைஞ்ச மாதிரிதான் இருக்கு என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு இருமியிருக்கிறார். நாளைக்கு மகளுக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று அவரிடமே கேட்கலாம், இனிமேல் கேட்கலாம். எழுந்து நிழலுக்குப் போய் அந்தக் காகிதம் ஒட்டிய தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஸ்டெயின்லெஸ்ஸே எடுத்துக்கறேன் என்றேன். "மூணு எம்.எம்., அடில ஒரு வால்வு வைக்கற மாதிரி ஓட்டை. அழுக்குத் தண்ணிய அப்பப்ப எறக்கணும்ல."

"நல்லதுக்கா. தகடா ஏத்தி விட்டுடவா? உங்க மெஷின்லயே வெட்டிக்குவீங்கள்ல?"

"இல்ல பாய். இங்கயே கத்திரி மெஷின்ல வெட்டி, மடக்கிக் குடுத்துடுங்க. எங்க மேடைல இப்ப தண்ணி இல்ல. இத வெட்டுனா அந்தப் புகை இன்னும் மோசம்."

அவர் தலையாட்டினார். "மடக்கற எடத்துல ஆள் வேலையா இருக்காங்க. வெள்ளிக்கிழமை ஆயிடும், பரவால்லையா?" இன்றைக்குச் செவ்வாய். சனிக்கிழமைக்குள் பாய்லர் கம்பெனிக்காரனுக்கு நூற்றுப்பத்து தகடு போக வேண்டும், நாற்பதுதான் வெட்டியிருக்கிறது. போனில் கத்துவான். அடுத்த வேலையை வேறு பட்டறைக்குத் தந்தாலும் தருவான். பரவாயில்லை என்றேன். சொன்ன பிறகுதான் பரவாயில்லை என்று தோன்றியது.

சின்னப்பனுக்குப் போன் போட்டேன். மெஷின் இரைச்சலில் ஹலோ ஹலோ என்றான். மெஷினை நிறுத்து என்றேன்.

"இந்தத் தகட்டை முடிச்சுட்டு நிறுத்தறேன்க்கா, பாதில இருக்கு."

"பாதிலயே நிறுத்து."

இரைச்சல் நின்றது. கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, எதுனா தப்பா வெட்டிட்டேனா?"

"ஒண்ணும் தப்பில்ல. தொட்டி வெள்ளிக்கிழமை வந்துடும். அதுவரைக்கும் யாரும் அங்க வெட்ட வேணாம், சம்பளம் சம்பளம்தான். நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நில்லு, அண்ணன் போற ஆஸ்பத்திரி. நானும் வர்றேன். உனக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுவோம்."

எனக்கென்னக்கா, நான் நல்லாத்தானே இருக்கேன் என்று சொல்வான், என்ன சொல்லி அவனை வரவைப்பது என்று நான் தயாராக இருந்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. கம்ப்ரசர் காற்று நிரம்பித் தானாக நின்றது. அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"வர்றேன்க்கா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலு மாசமாவே படி ஏறுனா நெஞ்சு அடைக்குது. வீட்ல யாருக்கும் தெரியாதுக்கா. நீங்களும் சொல்லிடாதீங்க."

சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது.

"சொல்லாம இருக்க முடியாது சின்னப்பா" என்றேன். "நாளைக்கு உன் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வா."